எந்த குரூப்பில் இருக்கிறாய்?

வாசகர் கேள்வி: 20 மார்ச் 2024

தேர்தல் தேதி அறிவித்ததிலிருந்து என் போனில் புதிதாக எட்டு குரூப். யார் சேர்த்தார்கள் என்றே தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் இன்றைக்கு ஒருவரைக் குடிமகனாக ஆக்குவது போன்தான். பத்திரிகை இல்லை, கட்சி ஆபீஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

20 மார்ச் 2024, இரவு

மறுக்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கத்தில் 2006 முதல் கடை வைத்திருக்கிறேன். முதலில் பிரவுசிங் சென்டர், அப்புறம் ஜெராக்ஸும் டைப்பிங்கும், இப்போது ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. பதினெட்டு வருடமாக, எங்கள் ஊர்க்காரர்கள் தாங்கள் யார் என்று திரையில் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் இருந்த காலத்தில் ஒரு பையன் தன்னைப் பற்றி நான்கு வரி எழுத ஒரு மணி நேரம் எடுப்பான். எழுதுவான், அழிப்பான், பக்கத்து சீட்டில் இருப்பவனிடம் காட்டுவான். இப்போது அதே வயதுப் பையன்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வருகிறார்கள். அதிலும் பெயர், பிறந்த தேதி, போட்டோதான். ஆதாரை என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே போட்டுருங்க அக்கா" என்று டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

நேற்று வந்தவனுக்கு இருபது வயது. தினமும் அரசியல் வீடியோ போடுகிறவன், பேச்சும் நன்றாகவே இருக்கும். பட்டியலில் பெயர் இல்லை. மனுத்தாக்கல் முடிகிற நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வந்த விண்ணப்பம்தான் இந்தத் தேர்தலுக்குச் சேரும். மார்ச் 27 கடைசி நாள் என்றால் 17-ஆம் தேதியோடு கதை முடிந்தது. 2022-இலிருந்து வருடத்துக்கு நான்கு தகுதி நாள் இருக்கிறது: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி. பதினேழு வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். இதைச் சொன்னபோது அவன் முகம் வாடிப்போனது. "ஒருத்தரும் சொல்லலியே அக்கா" என்றான். மூன்று வருடமாக அரசியல் பார்க்கிற ஒரு பிள்ளைக்கு இதை ஒரு வீடியோ கூடச் சொல்லவில்லை. போன் அவனை ஆதரவாளனாக ஆக்கியிருக்கிறது. வாக்காளனாக ஆக்கவில்லை.

21 மார்ச் 2024, காலை

படித்த மாவட்டம் என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். சரிதான், 2011 கணக்கெடுப்பில் நமக்கு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்தக் கணக்கில் என் அம்மாவும் உண்டு. முப்பத்திரண்டு வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி தல்லியவர்கள் (கொட்டை உடைத்தவர்கள்). பைபிளை விரல் வைத்து வாசிப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் ஒரு மனு எழுது என்று யாரும் அவர்களிடம் சொன்னதும் இல்லை, அவர்களும் எழுதியதில்லை. வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு இங்கே வாதம் செய்ய வேண்டாம்.

21 மார்ச் 2024, இரவு

முதல் குறிப்பை எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. என் சொந்தக் கதையையே மறைத்துவிட்டு "மறுக்கிறேன்" என்று எழுதியது சரியில்லை.

2009-இல் எனக்கு ஆர்குட்டில் ஒரு ஆண் பெயர் இருந்தது. சொந்தப் பெயரில் கணக்கு வைத்தால் வருவது எல்லாம் "சாப்பிட்டாச்சா", "எந்த ஊர்", "போட்டோ போடலாமே" என்பதுதான். ஆண் பெயரில் போனேன். அப்போது அங்கே நம் மாவட்டத்து ரயில் பாதையைப் பற்றிப் பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. பாதை நம் மண்ணில், நிர்வாகம் திருவனந்தபுரம் கோட்டத்தில். மதுரைக் கோட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்று நான் எழுதினேன். வண்டி நேரம், ஸ்டேஷன் வசதி எல்லாம் விசாரித்து, தினமும் ராத்திரி கடையை அடைக்கும் முன் ஒரு பத்தி. "தம்பி நல்லா எழுதுறீங்க" என்று பெரியவர்கள் பதில் போட்டார்கள். மறுத்தவர்களும் மரியாதையாகவே மறுத்தார்கள்.

என் வாழ்க்கையில் என் கருத்துக்கு வேறொருவர் நின்று பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊரில் நடக்கும் எந்தக் கூட்டத்திலும் அது நடந்ததில்லை. பொய்ப் பெயரில் இருந்தபோதுதான் நான் குடிமகளாக இருந்தேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணமான பெண்களின் வாட்ஸ்அப் படத்தைப் பாருங்கள். பிள்ளையின் முகம், ரோஜாப்பூ, மாதா, குத்துவிளக்கு. சொந்த முகம் வைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பூவுக்குப் பின்னால் இருப்பவர் ஊராட்சிக் கணக்கைப் பற்றிக் கேட்டால், பூ கேட்டதாகவே ஆண்கள் பார்க்கிறார்கள்.

24 மார்ச் 2024

இன்றைய தேதிக்கு ஒரு பொருத்தம் உண்டு. 2015 மார்ச் 24-ஆம் தேதிதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எரிச்சலூட்டும்படி எழுதினால் மூன்று வருடம் வரை சிறை என்று இருந்த பிரிவு அது. ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி போட்ட வழக்கு. ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆனால் கடைக்கு வரும் பெண்கள் இன்றும் போனை நீட்டி, "இத ஸ்டேட்டஸ்ல வச்சா போலீஸ் வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது குடிதண்ணீர் வரவில்லை என்பது போன்ற ஒன்றாக இருக்கும்.

குரூப் அட்மின்களுக்கும் இந்தப் பயம் உண்டு. யாரோ போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. சட்டம் மாறியது பயப்படுகிறவர்களின் காதுக்கு வந்து சேரவே இல்லை. வதந்தி மட்டும் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிடுகிறது. 2019-இல் வாட்ஸ்அப் ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்று ஆக்கியதும் அதனால்தான்.

29 மார்ச் 2024, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். ஒக்கி புயலில் போனவர்களுக்காகவும் இன்றைக்கு ஜெபம் சொன்னார்கள். அதைப் பற்றி எழுதாமல் இந்த இழையில் நான் பேசுவதில் அர்த்தம் இல்லை.

2017 நவம்பர் 29 ராத்திரி காற்று தொடங்கியது. 30-ஆம் தேதி விடிந்தபோது எங்கள் விளையில் ரப்பர் மரம் பாதி கிடந்தது. வாழை ஒன்றும் மிச்சமில்லை. கரண்ட் வர நாள் கணக்காகியது. கார் வைத்திருந்த வீட்டில் போய் போனுக்குச் சார்ஜ் போட்டோம். டவர் கிடைத்ததும் எங்கள் குரூப்புகளில் வந்தது எல்லாம் விழுந்த மரங்கள், கூரை போன வீடுகள், நஷ்டஈடு எப்படிக் கேட்பது என்ற பேச்சு. நானும் எங்கள் விளையின் படத்தைப் போட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கடல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி. அங்கே அதே நாட்களில் அதே வாட்ஸ்அப்பில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆழ்கடலுக்குப் போனவர்களின் பட்டியல். எந்தப் படகு, எத்தனை பேர், எந்தத் தேதி போனது, கடைசியாக வயர்லெஸ்ஸில் யார் பேசியது. லட்சத்தீவில் ஒதுங்கியவர்கள், மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரை ஏறியவர்கள் என்று செய்தி வர வர, ஊர் ஊராகப் பங்கு ஆலயங்களில் பெயரை அடித்தார்கள், புதிதாகச் சேர்த்தார்கள். அரசு சொன்ன எண்ணும் அவர்கள் எண்ணிய எண்ணும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் அரசின் எண்தான் ஏறி வந்தது.

எனக்கு இது எதுவும் தெரியாது. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரியும். எங்கள் குரூப்பில் ஒருவர் "இவங்க ஏன் ரயில மறிக்கினும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் கட்டைவிரல் போட்டேன். அந்தக் கட்டைவிரல் இன்றும் என் மனதில் உறுத்துகிறது.

பிறகு ஒரு நாள், சின்னத்துறையிலிருந்து இருபது வயது இருக்கும் ஒரு பிள்ளை கோடு போட்ட நோட்டுடன் கடைக்கு வந்தாள். அதிகாரிகளிடம் கொடுக்க டைப் அடிக்க வேண்டும். பெயர், அப்பா பெயர், வயது, படகு, புறப்பட்ட நாள். மூன்று பக்கம். நான் அடித்து முடித்ததும் அவள் பிரிண்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் நின்று, "அக்கா, இது எங்க மாமாவுக்க பேரு. எழுத்து தப்பா இருக்கு, சரியா அடிங்க" என்றாள். அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, வாங்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

எனவே 20-ஆம் தேதி நான் எழுதிய மறுப்பில் பாதியைத் திரும்ப எடுக்கிறேன். போன் அவர்களைக் குடிமக்கள் ஆக்கியது. தங்கள் ஆட்களைத் தாங்களே எண்ணி, அந்த எண்ணை அரசின் முன்னால் வைத்தார்கள். அதே போன் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த என்னை ஒரு வாரம் கண்ணைக் கட்டி வைத்திருந்தது. கருவி ஒன்றுதான், குரூப் வேறு. முன்பெல்லாம் ஒரு புது ஆளைப் பார்த்தால் "நீ யாருக்க மவ?" என்று கேட்பார்கள். இன்று "எந்த குரூப்பில் இருக்க?" என்று கேட்கிறார்கள். கேட்பது ஒன்றையேதான்.

2 ஏப்ரல் 2024

இரண்டு திருத்தம்.

ஒன்று, ஐந்து பேர் கட்டுப்பாடு. உலகம் முழுக்க வந்ததுதான் 2019 ஜனவரியில். இந்தியாவில் அதற்கு முன்பே, 2018 ஜூலையில் வந்துவிட்டது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. நம்மிடம் ஏன் முதலில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தியில் நாட்டின் பல இடங்களில் ஜனங்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பத்தில் ஒரு வயதான அம்மா பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக அடித்தே கொன்றார்கள்.

அந்த வாரம் எனக்கும் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "வடக்கேருந்து ஆளு எறங்கியிருக்கு, பிள்ளையள வெளியே விடாதீங்க." அதை நான் மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். ஏன் நம்பினேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். அந்தக் குரல் எங்கள் பக்கத்துப் பேச்சில் இருந்தது. செய்தி வாசிக்கிற தமிழில் இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். எங்கள் அத்தை பேசுவது போலவே இருந்ததால் கேட்ட மாத்திரத்தில் விரல் அழுத்திவிட்டது. இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவில் பெட்ஷீட் விற்க வந்த ஒரு வடநாட்டுப் பையனைச் சுற்றி நின்று பையைக் கொட்டினார்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இறங்கி வந்து, அவனைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவை அடைத்துக்கொண்டார். அவர் போனில் வாட்ஸ்அப் கிடையாது. பையனுக்கு உயிர் இருந்தது. நான் அனுப்பியதைத்தான் அவர்கள் கேட்டார்களா, வேறு யாரோ அனுப்பியதையா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டு, வதந்தியே போனோடு வந்தது போல 24-ஆம் தேதி எழுதிவிட்டேன். தவறு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டபோது எனக்கு ஆறு வயது. எங்கள் தெருவில் யாரிடமும் போன் இல்லை. நோட்டீஸும் வாய்ப்பேச்சும் போதுமானதாக இருந்தது. அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தது நினைவிருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று ஒரு சேதியை வீட்டு வாசலில் கொண்டுவந்து சொன்னவனின் முகம் தெரியும். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "நீ அன்னைக்கு வந்து சொன்னியே" என்று அம்மாவால் கேட்க முடிந்தது, கேட்கவும் செய்தார்கள். எனக்கு அந்த வாய்ஸ் நோட்டின் சொந்தக்காரர் யார் என்று இன்றுவரை தெரியாது.

7 ஏப்ரல் 2024

பேச்சு என்று எழுதியதும் மகள் நினைவு வந்தது. இது கொஞ்சம் தடம் மாறிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் சென்னையில் படிக்கிறாள். முதல் வாரம் ஹாஸ்டலில் "கொஞ்சம் வெள்ளம் தா" என்று கேட்டிருக்கிறாள். எங்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவர்களுக்கு ஆற்றில் வருவது. "நீ மலையாளியா?" என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துக்குப் போனால் நம்மைப் பாண்டி என்பார்கள். இரண்டு பக்கமும் இப்படிக் கேட்டுக் கேட்டே வளர்ந்த தலைமுறை நான். வெளியூரில் எங்கள் பேச்சை மடித்து வைத்துவிட்டு, பேப்பர் தமிழில் பேசக் கற்றுக்கொண்டேன்.

மகள் அப்படிச் செய்யவில்லை. எங்கள் பேச்சிலேயே வீடியோ போட்டாள். "வெள்ளம் கோரிட்டு வா", "பைய போ", "சாடாதே" என்று. குமரியிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் "எங்க அம்மா பேச்சு" என்று கமெண்ட் வந்தது. முப்பது வருடம் நான் மறைத்ததை அவள் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நடக்கிறாள். எனக்கு அதில் பெருமைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

லீவுக்கு வந்தபோது பாட்டியிடமும் வீடியோவில் பேசுவது போலவே இழுத்துப் பேசினாள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் மக்களே, எங்கள மாதிரி பேசிக் காட்டுத?" என்று கேட்டார்கள். அவள் அப்படியே நின்றுவிட்டாள். தன் பேச்சைத் தானே நடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றுதான் அவளுக்குப் பட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

நவம்பர் 1-ஆம் தேதி அவள் ஸ்டேட்டஸில் குமரியின் வரைபடம் இருக்கும். 1956-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். அதற்காக 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது என்று நான் சொன்னபோது, "நான் பஸ் ஏறுற மார்த்தாண்டத்துலயா?" என்று கேட்டாள். வரைபடம் அவளுக்குத் தெரியும். அதற்கு ஜனங்கள் கொடுத்த விலையை அந்த ஸ்டேட்டஸ் சொல்லவில்லை. இந்த வருடம் புதுக்கடையில் இருக்கும் நினைவுத் தூணுக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டும்.

8 ஏப்ரல் 2024

"நடிப்பது எல்லாக் காலத்திலும் உண்டு, கல்யாண வீட்டில் நாம் நடிக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கல்யாண வீடு இரண்டு நாளில் முடிந்துவிடும். இது முடிவதில்லை. என் பதில் இப்போதைக்கு இவ்வளவுதான்.

11 ஏப்ரல் 2024

நடிப்பதைப் பற்றிய அந்தப் பேச்சை எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர்கள் அய்யாவழிக்காரர், அய்யா வைகுண்டரின் வழியில் நடப்பவர். வாரம் தவறாமல் நிழல்தாங்கல் என்ற வழிபாட்டு இடத்துக்குப் போகிறவர். அங்கே சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். இருபக்கமும் விளக்கு. நிற்கிறவர் தன்னையே பார்த்துக் கும்பிட வேண்டும். அந்தக் கண்ணாடி முன் நிற்கும் ஆண்கள் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் எங்கள் பாட்டன்மாருக்குத் தலைப்பாகை கட்ட உரிமை இல்லை, பாட்டிமாருக்கு மேலாடை போட உரிமை இல்லை. தோள்சீலைக்காக 1820-களில் தொடங்கிய போராட்டத்துக்கு 1859 ஜூலை 26-இல்தான் அரசின் உத்தரவு வந்தது. அய்யா வைகுண்டர் 1851-இலேயே மறைந்துவிட்டார். உத்தரவுக்கு முன்பே அவர் இருந்த சாமித்தோப்பில் ஜனங்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றுவிட்டார்கள்.

நான் அக்காவிடம், "செல்பி எடுக்கும்போதும் நம்மைத்தானே பார்க்கிறோம்?" என்று கேட்டேன். அவர்கள் யோசித்துச் சொன்னது: "அங்க நிக்கச்சில நான் எப்படி இருக்கேன்னு பாக்க மாட்டேன் பிள்ளே. நான் இருக்கேன்னு பாப்பேன்."

மேலே பூப்படம் பற்றி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். உடுப்பதும், முகத்தைக் காட்டுவதும், பெயரைச் சொல்வதும் இந்த மண்ணில் ஆரம்பத்திலிருந்தே அரசியல்தான். சொந்த முகத்தைப் படமாக வைக்கத் தயங்கும் பெண்ணைப் பற்றி நான் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். அவள் பயத்துக்கு இருநூறு வருட வயது.

13 ஏப்ரல் 2024

தெரிந்த தம்பி ஒருவன், ஓட்டுக்குக் காசு கொடுப்பதை வீடியோ எடுத்து ஐந்து குரூப்பில் போட்டான். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் போட்டாயா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. புகார் வந்தால் நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் ஏற்பாடு. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்த இடத்திலேயே செயலிக்குள் எடுத்த படம்தான் ஏற்கும், போனில் முன்பே இருக்கும் வீடியோவை ஏற்றாது. அவன் எடுத்தது சாட்சியாகவில்லை, பார்வையாகிப் போனது. நானூறு பேர் பார்த்தார்கள்.

16 ஏப்ரல் 2024

சுருக்கமாக ஒன்று. என் கடை போனில் பாதி ஊரின் ஆதார் படம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் கடைக்கே வருகிறார்கள். தினமும் ராத்திரி உட்கார்ந்து அழிக்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். முதல் எட்டு எண்ணை மறைத்த ஆதாரை எடுத்துக்கொள்ளலாம், கேளுங்கள், எடுத்துத் தருகிறேன். கேள்வி கேட்டவரின் எட்டு குரூப்புக்கும் வழி உண்டு: யார் உங்களைக் குரூப்பில் சேர்க்கலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கும் வசதி 2019-இலிருந்து செட்டிங்ஸில் இருக்கிறது.

19 ஏப்ரல் 2024, இரவு

ஓட்டுப் போட்டாயிற்று. விளவங்கோட்டில் சட்டமன்ற இடைத்தேர்தலும் இன்றே, அதனால் எங்களுக்கு இரண்டு ஓட்டு. மகள் இதற்காகவே ரயில் ஏறி வந்தாள். முதல் ஓட்டு.

இந்தத் தேர்தலில் வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டருக்குள் போன் கூடாது என்று விதி இருந்தது. மகள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. வெயில் நல்ல வெயில். யார் கையிலும் போன் இல்லாத ஒரு வரிசையில் நான் கடைசியாக நின்றது எப்போது என்று நினைவில்லை. முன்னால் நின்றவர் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியும், பின்னால் நின்றவர் அதற்கு நேர் எதிர். இருவரும் என் தலைக்கு மேலாக நெய்யாறு இடதுகரைக் கால்வாயைப் பற்றிப் பேசினார்கள். கேரளத்திலிருந்து 2004 முதல் அதில் தண்ணீர் வரவில்லை. வயல் இருந்த இடமெல்லாம் இப்போது ரப்பர், இல்லாவிட்டால் வீடு. கால்வாய் ஓடிய காலத்தில் அதில் குளித்தவர்கள் இருவரும். ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்ட, வரிசையில் இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு மாதமாக என் போனில் வந்த ஆயிரக்கணக்கான தேர்தல் செய்திகளில் அந்தக் கால்வாயின் பெயரை ஒரு தடவை கூட நான் பார்க்கவில்லை. டெல்லி இருந்தது, சென்னை இருந்தது, எங்கோ ஒரு மாநிலத்தில் நடந்த சண்டை இருந்தது. எங்கள் ஓட்டுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட தண்ணீர் அந்த வரிசையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் மை வைத்த விரலைப் படம் எடுத்தாள். அம்மா, "நில்லு மக்களே" என்று சொல்லித் தன் விரலையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு விரலும் ஸ்டேட்டஸில் இருக்கிறது.

20 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதை வைத்து "அப்போ போனே வேண்டாம் என்கிறீர்களா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. போன் இல்லாவிட்டால் சின்னத்துறைப் பட்டியல் இல்லை. நான் ரயில் கோட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். நான் சொல்ல வருவது: போனில் எனக்குப் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். நான் நின்று பார்த்ததைப் போலவே இன்னொன்றைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வரிசையில் அப்படி இல்லை. எனக்கு முன்னும் பின்னும் நிற்பவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்களும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால்தான் கால்வாய் வந்தது.

5 ஜூன் 2024

நேற்று முடிவு வந்துவிட்டது. எங்கள் தெரு குரூப்பில் இரண்டு நாள் படபடப்பு, இன்று அமைதி. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவர் தெருவிளக்குப் படம் போட்டார். முக்கில் இருக்கும் விளக்கு எரியாமல் இரண்டு வருடம் ஆகிறது. நானும் அதைப் பல தடவை படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். கோபப் பொம்மை முப்பது நாற்பது விழும், அதோடு முடியும்.

இந்தத் தடவை, "மனு எழுதுகிறேன், யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். குரூப்பில் 143 பேர்.

23 ஜூன் 2024

ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மீதிப் பேர் மோசமானவர்கள் என்று சொல்ல மாட்டேன். "என் பேரு மேல வேண்டாம் அக்கா, கீழ போடுங்க" என்று கேட்டவர்கள் உண்டு. ஆளுங்கட்சிக்கு எதிராக எடுத்துக்கொள்வார்களோ, மகன் வேலைக்கு இடைஞ்சல் ஆகுமோ என்று பயந்தவர்கள் உண்டு. கோபப் பொம்மைக்கு அந்தப் பயம் தேவைப்படவில்லை. சொந்தப் பெயரை ஒரு தாளில் எழுதும்போது வரும் அந்த நடுக்கம் எனக்கும் தெரியும். பதினைந்து வருடம் முன்பு நான் வேறு பெயரில் ஒளிந்துகொண்டதும் அதனால்தானே.

பேரூராட்சியில் மனுவை வாங்கியவர், "கம்ப நம்பர் என்ன?" என்று கேட்டார். மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண். மனுவில் இல்லை. இரண்டு வருடமாக அந்தக் கம்பத்தைப் படம் எடுத்த ஒருவருக்கும், எனக்கும் சேர்த்து, அது தெரியவில்லை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இருட்டுதான் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். உடனே சொன்னார்கள். அண்டி ஆபீஸ் வண்டிக்காக விடிகாலை ஐந்து மணிக்கு அந்தக் கம்பத்தின் கீழேதான் முப்பத்திரண்டு வருடம் நின்றிருக்கிறார்கள். அன்று விளக்கு எரிந்தது. நின்று நின்று எண் மனதில் பதிந்துபோயிற்று. "என் பேரும் எழுது" என்றார்கள். ஏழாவது கையெழுத்து. எழுத நேரம் ஆயிற்று, ஆனால் முழுப் பெயரும் அப்பா பெயரோடு எழுதினார்கள்.

4 ஜூலை 2024

மனு கொடுத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. விளக்கு இன்னும் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு அம்மாவின் பைபிளுக்குள் இருக்கிறது. நான் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் அம்மா அசல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையில் மறுபடி போகிறோம். எதிர்வீட்டு அக்காவும் வருகிறார்கள்.